கதார் கோட்டைகள்: யாருடைய இடிபாடுகள்?

தெற்குப் பிரான்சின் லாங்தோக் பகுதியில், பிரனீஸ் மலைகளை நோக்கிய முகடுகளில் பல கோட்டைகள் இடிந்து கிடக்கின்றன. மோன்செகூர், கெரிபூஸ், பெய்ர்பெர்த்தூஸ், பூய்லோரன். சுற்றுலாக் கையேடுகள் இவற்றைக் 'கதார் கோட்டைகள்' என்கின்றன. கேள்வி எளிமையானதுதான்: இதையெல்லாம் யார் கட்டினது?

கதார்கள் எனப்பட்டோர் ரோமத் திருச்சபையின் சடங்குகளையும் அதிகாரத்தையும் மறுத்த கிறித்தவர்கள். அவர்கள் தம்மை 'நல்ல கிறித்தவர்கள்' என்றே சொல்லிக்கொண்டனர். 'கதார்' என்பது எதிரிகள் ஒட்டின பெயர். 1209இல் போப் மூன்றாம் இன்னசென்ட் ஏவிய சிலுவைப்படை பெசியே நகரில் புகுந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் வெட்டிப் போட்டது. இருபதாண்டுப் போர் 1229இல் முடிந்தபோது லாங்தோக் பிரெஞ்சு முடியாட்சியின் பிடிக்குள் வந்துவிட்டது. 1244 மார்ச் 16இல், பத்து மாத முற்றுகைக்குப்பின், மோன்செகூரில் நம்பிக்கையைக் கைவிட மறுத்த இருநூறுக்கும் மேற்பட்டோர் எரிக்கப்பட்டனர்.

இன்று அங்கே நிற்கும் சுவர்கள் அவர்கள் வாழ்ந்த கோட்டையுடையவை அல்ல. அதற்குப்பின் வந்த புதிய பிரபுக்கள் எழுப்பியவை. கதார்களின் குடியிருப்பு சுவர்களுக்கு வெளியே, சரிவில், அகழாய்வில் வெளிப்பட்ட அடித்தளங்களாகவே மிஞ்சியிருக்கிறது. மற்ற கோட்டைகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1258 கோர்பேய் ஒப்பந்தத்திற்குப்பின் அராகோன் அரசுடனான எல்லையைக் காக்கப் பிரெஞ்சு மன்னன் பெய்ர்பெர்த்தூஸையும் கெரிபூஸையும் பெரிதாக்கிக் கட்டினான். 1659இல் பிரனீஸ் ஒப்பந்தம் எல்லையைத் தெற்கே தள்ளியதும் அவற்றின் ராணுவத் தேவை போய்விட்டது.

ஆக, கல் வென்றவனுடையது, பெயர் தோற்றவனுடையது. இந்த முடிச்சு ரொம்பப் பேருக்குப் பயன்பட்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் நப்போலியோன் பெய்ரா மோன்செகூரைத் தெற்கின் தியாகக் காவியமாக்கினார். 1933இல் ஒட்டோ ரான் அங்கே புனிதக் கிண்ணத்தைத் தேடிப் புத்தகம் எழுதினார். பின்னர் ஹிம்லரின் எஸ்.எஸ். படையில் சேர்ந்தார். இப்போது 'கதார் நாடு' என்பது ஓட் மாவட்டத்தின் வணிக முத்திரை. ஒடுக்கப்பட்டவர்களின் பெயரால், ஒடுக்கியவர்களின் சுவரைக் காட்டி, நுழைவுச்சீட்டு விற்கப்படுகிறது.

அப்படியானால் தோற்றவர்களின் எச்சம் எங்கே? விசாரணை மன்றப் பதிவேடுகளில். பாமியே ஆயர் ஷாக் ஃபூர்னியே 1318 முதல் 1325 வரை நடத்திய விசாரணைகளில் மோன்தாயூ கிராமத்து ஆட்டிடையர்களும் பெண்களும் பேசுகிறார்கள். தம் ஒக்சித்தான் மொழியில் அவர்கள் சொன்னதை எழுத்தர் லத்தீனில் எழுதிவைத்தார். 1975இல் லெ ருவா லாதுரி அதிலிருந்துதான் ஒரு கிராமத்தின் வாழ்வை மீட்டெழுதினார். சித்திரவதையின் நிழலில் பதிவான பேச்சு இது. ஆகவே இதுவும் எதிரி கட்டின கோட்டைதான். அதன் ஊடாகத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

கதார் திருச்சபை என்று ஒழுங்கமைந்த ஒன்று இருந்ததா, விசாரணையாளர்களே அதை உருவாக்கினார்களா என்று சில வரலாற்றாசிரியர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வியே. ஆனால் மதக்கொள்கைக்கு என்ன பெயர் வைத்தாலும் மோன்செகூரில் எரிந்தவை மனித உடல்கள். அங்கே போகிறவர்கள் சுவர்களைப் பார்த்ததோடு திரும்பாமல், வெளியே சரிவில் கிடக்கும் அந்த அடித்தளங்களையும் பார்க்கட்டும்.