கேர் உப்புமாவும் கோதுமைக் கப்பலும்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த ஒரு செய்தியை எனக்கு அனுப்பி, "சார், இது உண்மையா?" என்று கேட்டிருந்தான். 1960களில் அமெரிக்கா நமக்கு இலவசமாகச் சோறு போட்டதாம், நன்றி கெட்ட நாம் அந்த நாட்டையே குறை சொல்கிறோமாம். "பாதி உண்மை, மீதியை எழுதுகிறேன்" என்று பதில் போட்டேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. ஏன் தாமதம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உண்மையான பாதி. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1964இல், பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமத்துப் பள்ளியில். மதியம் மணி அடித்ததும் தட்டோடு வரிசையில் உட்காருவோம். மஞ்சளாகச் சோள ரவை உப்புமா வரும். சில நாள் பால் பவுடரைக் கரைத்துக் கொடுப்பார்கள். எண்ணெய் வந்த டின்னில் இரண்டு கைகள் குலுக்குகிற படம் இருக்கும். காலி டின்னுக்கு ஊரில் போட்டி. எங்கள் வீட்டில் அதில்தான் பல வருடம் கேழ்வரகு மாவு வைத்திருந்தார்கள். அந்த உப்புமாவுக்காகவே பள்ளிக்கு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். சில நாட்களில் நானும் அவர்களில் ஒருவன்.

காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது 1956இல். ஊரார் கொடுத்த அரிசியும் அரசுப் பணமும் சேர்ந்து நடந்தது. 1961க்குப் பிறகுதான் 'கேர்' என்ற தொண்டு நிறுவனம் வழியாக அமெரிக்க அரசின் தானியம், பால் பவுடர், எண்ணெய் எல்லாம் வரத் தொடங்கின. இது நன்கொடை. இதற்கு நன்றி சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் ரேஷன் கடைக்கு வந்த கோதுமை வேறு கணக்கு. அது 1954இல் அமெரிக்காவில் வந்த பொதுச் சட்டம் 480, சுருக்கமாக பி.எல். 480. அங்கே விளைச்சல் மிஞ்சிக் கிடங்குகள் நிரம்பிக் கிடந்தன. விற்க இடம் வேண்டும். நம்மிடம் டாலர் இல்லை. அதனால் ரூபாயிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. 1960 மே மாதம் நம் உணவு அமைச்சர் எஸ்.கே. பாட்டீலும் அதிபர் ஐசனோவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் மட்டும் நான்கு வருடத்துக்கு 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமை. ஆக, அது இலவசம் இல்லை, விலைக்கு வாங்கியது. அந்த ரூபாய் இங்கேயே அமெரிக்காவின் கணக்கில் சேர்ந்துகொண்டே போனது. 1974 பிப்ரவரியில் தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலையாக எழுதி அதைத் திருப்பிக் கொடுத்தார். (அந்தப் பணத்தின் ஒரு பகுதியில் அமெரிக்க நூலகங்களுக்கு இந்திய மொழிப் புத்தகங்கள் வாங்கினார்கள். நம் ஊரில் கிடைக்காத பழைய தமிழ்ப் புத்தகம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.)

சிக்கல் 1965இல் வந்தது. மழை பொய்த்தது. முந்தைய வருடம் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த தானிய விளைச்சல் 7 கோடியே 20 லட்சம் டன்னாக விழுந்தது. அதே சமயத்தில் பழைய ஒப்பந்தமும் முடிந்தது. அதிபர் ஜான்சன் புதிதாக நீண்ட ஒப்பந்தம் போட மறுத்தார். ஒரு மாதத்துக்கு இவ்வளவு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தானே உட்கார்ந்து கணக்குப் பார்த்துக் கப்பலை விட்டார். மாட்டைக் குட்டைக் கயிற்றில் கட்டுவது போல. விவசாயத்தைச் சீர்திருத்து என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது வியட்நாம். அங்கே குண்டு போடுவதை நிறுத்துங்கள் என்று இந்தியா சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. ஐ.நா. பொதுச்செயலாளரும் போப்பாண்டவரும் சொன்னதைத்தானே இந்தியாவும் சொல்கிறது என்று வாதாடியபோது, அவர்கள் இருவருக்கும் நம் கோதுமை தேவைப்படவில்லையே என்று பதில் வந்ததாம். இதைச் சொன்னவர் நம் ஆள் இல்லை, டெல்லியில் இருந்த அமெரிக்கத் தூதர் செஸ்டர் பௌல்ஸ்.

1966இல் சுமார் 1 கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது. கப்பல் வந்தால்தான் பல ஊர்களில் அடுப்பு எரியும். அதற்கு முன்பே சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை சோற்றை விடுங்கள் என்று நாட்டைக் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் அப்பா, "நாம எப்பவோ ஆரம்பிச்சிட்டோம்" என்று சிரித்தது நினைவிருக்கிறது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

ஜான்சன் நெருக்கியதால்தான் பசுமைப் புரட்சி வந்தது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நான் ஒப்பவில்லை. நம் பொள்ளாச்சிக்காரர் சி. சுப்பிரமணியம் 1964இல் உணவு அமைச்சரானதுமே விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை, புதிய விதை என்று இறங்கிவிட்டார். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. அடுத்த வருடத் தேர்தலில் அவர் தோற்றார். காமராஜரும் தோற்றார். அரிசித் தட்டுப்பாட்டில் வெந்திருந்த மக்களுக்கு ரூபாய்க்கு மூன்று படி என்ற பேச்சுதான் காதில் விழுந்தது.

1971ஐ இங்கே விரிக்கவில்லை, வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். வங்கக் கடலுக்குள் எண்டர்பிரைஸ் கப்பல் வந்ததை நினைவு வைத்திருப்பவர்கள் ஆர்ச்சர் பிளட் என்ற பெயரை மறந்துவிடுகிறார்கள். டாக்காவில் அமெரிக்கத் துணைத் தூதராக இருந்தவர். அங்கே நடந்த படுகொலையைக் கண்டும் தன் அரசு வாய் மூடியிருப்பதை எதிர்த்து, 1971 ஏப்ரல் 6ஆம் தேதி தன் சக ஊழியர்கள் கையெழுத்திட்ட தந்தியை வாஷிங்டனுக்கு அனுப்பினார். பதவி போனது. அமெரிக்கா என்றால் நிக்சன் மட்டும் இல்லை, பிளட்டும்தான்.

இன்னொன்று. 1975 ஜனவரியில் அமெரிக்க செனட் தன் உளவுத்துறைகளையே விசாரிக்க பிராங்க் சர்ச் தலைமையில் குழு போட்டது. சி.ஐ.ஏ. இருபது வருடம் சொந்த நாட்டு மக்களின் கடிதங்களை, 2 லட்சத்துக்கும் மேல், ரகசியமாகப் பிரித்துப் பார்த்தது வெளியே வந்தது. மார்ட்டின் லூதர் கிங்கை மிரட்டி எஃப்.பி.ஐ. அனுப்பிய மொட்டைக் கடிதமும் வெளியே வந்தது. குடிமக்களின் உரிமை பற்றிய அந்த அறிக்கை வந்தது 1976 ஏப்ரல் கடைசி வாரம். அதே வாரம், ஏப்ரல் 28ஆம் தேதி, நம் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? நெருக்கடி நிலையில் காரணமில்லாமல் சிறையில் போட்டாலும் ஒருவர் நீதிமன்றத்துக்கு வர முடியாது என்றது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அதற்குப் பிறகு அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி வரவில்லை. அமெரிக்காவைக் குறை சொல்லும்போது இந்த வாரத்தையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

சரி, தாமதத்துக்கு வருகிறேன். என் தம்பி மகளுக்கு அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு 2025 ஜூனில் அறிவித்தது. நான் எதைப் பதிவிட்டாலும் அவள் பெயரைச் சேர்த்துவிடும் பழக்கம் எனக்கு. தம்பி போன் செய்தான். "அண்ணா, கொஞ்ச நாளைக்கு அமெரிக்காவைப் பத்தி எதுவும் எழுதாதீங்க. பாப்பா பேரை எல்லாத்துலயும் எடுத்துடுங்க." முப்பத்தைந்து வருடம் கரும்பலகை முன்னால் நின்றவன் நான், நெருக்கடி நிலைக் காலத்தில் டீக்கடையில் ஆட்கள் குரலைத் தாழ்த்திப் பேசியதைப் பார்த்தவன். கோபம் வந்தது. தம்பி மேல் இல்லை. அவன் கடன் வாங்கிக் கட்டியிருக்கும் பணம் எனக்குத் தெரியும். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பழைய பதிவுகளில் அவள் பெயரை ஒவ்வொன்றாக எடுத்தேன். பவானி அம்மன் கோயில் ஆடித் திருவிழாப் படங்களிலும்கூட.

போன செவ்வாய்க்கிழமை விசா கிடைத்துவிட்டது. அன்று இரவே அவள் போன் செய்தாள்.

"பெரியப்பா, அந்தக் கோதுமைக் கதையை எழுதுங்க. நான் லைக் போட மாட்டேன். ஆனா படிப்பேன்."