வட்டுக்கோட்டைச் செமினரியும் உத்தியோகக் கல்வியும்

வட்டுக்கோட்டைச் செமினரி 1855 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. மாணவர் வராமையால் அது மூடப்படவில்லை. அங்குப் பயின்றோர் எத்தொழிலை நாடவேண்டும் என்பதில், அதனை நடத்தியோரின் எண்ணமும் பயின்றோரின் எண்ணமும் வேறு வேறு திசைகளிற் சென்றமையே அம்முடிவின் அடிப்படையாக அமைந்தது. கல்வியும் தொழிலும் பற்றி ஈழத்தமிழரிடையே எழுந்த முதற்பெரும் முரண்பாடு இது எனலாம்.

அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துப் பாழடைந்த தேவாலயங்களையும் மனைகளையும் திருத்தித் தம் நிலையங்களாக்கினர். 1823 இல் தானியேல் பூவர் தலைமையில் செமினரி ஆரம்பமாயிற்று. அதனை ஒரு கல்லூரியாகவே அமைக்க அவர்கள் விரும்பினரெனினும், தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸ் அதற்கு இசையவில்லை. எனவே பட்டம் வழங்கும் உரிமையின்றியே அது இயங்கிற்று. ஆயினும் ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல், தருக்கம், மெய்யியல் எனப் பரந்த பாடத்திட்டம் அங்கு நிலவியது. 1840 களின் பிற்பகுதியில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமேர்சன் தெனன்ற், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடத்தக்கதென அதனைப் பாராட்டினார்.

மிஷனின் நோக்கம் தெளிவானது. சுதேச போதகரையும் உபதேசியாரையும் பாடசாலை ஆசிரியரையும் உருவாக்குவதே அது. தொடக்கத்தில் உணவும் உடையும் இலவசமாகக் கிடைத்தன. அமெரிக்க உபகாரிகளின் பெயர்களை மாணவர் தாங்கினர். ஆனால் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரின் கணக்கு வேறாயிருந்தது. தலைமுறைதோறும் முதுசமாகவும் சீதனமாகவும் துண்டாடப்பட்ட சிறு காணிகளைக்கொண்டு பெருகிவரும் குடும்பங்கள் வாழ்தல் அரிது. 1833 ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தங்களின் பின், ஆங்கிலங் கற்ற சுதேசிகளுக்கு அரசாங்க சேவையின் கீழ்ப்படிகள் திறந்தன. கோப்பித் தோட்டங்கள் பெருகவே கந்தோர்களும் பெருகின. எழுதுவினைஞர், மொழிபெயர்ப்பாளர், நிலஅளவையாளர், நொத்தாரிசு, பிறக்கிராசி என்ற பதவிகளின் முன், மிஷன் ஆசிரியருக்குக் கிடைத்த சொற்பச் சம்பளம் எம்மாத்திரம்? மதமாற்றத்தை விரும்பாத சைவக் குடும்பங்களும் தம் மைந்தரைச் செமினரிக்கு அனுப்பியமை இப்பின்னணியிலேயே நோக்கற்பாலது.

எனினும் செமினரி உத்தியோகத்தரை மட்டும் உருவாக்கிற்று என்பது பொருந்தாது. 1841 இல் வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை'யின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் அதன் மாணவர்களே. கறோல் விசுவநாதபிள்ளை 'வீசகணிதம்' இயற்றினார். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை 1886 இல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலைத் தந்தார்.

இவர்கள் அனைவரினும் சி.வை. தாமோதரம்பிள்ளையின் வாழ்க்கை சிறப்பாக ஆராயத்தக்கது. 1832 இல் சிறுப்பிட்டியிற் பிறந்த அவர் செமினரியிற் பயின்றபின் கோப்பாயில் ஆசிரியரானார். பின்னர் சென்னை சென்று 'தினவர்த்தமானி'யின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி.ஏ. தேர்வில் அவரும் விசுவநாதபிள்ளையும் சித்தியெய்தினர். ஒருகாலத்தில் செமினரியிற் கற்பித்த விசுவநாதபிள்ளையும் அங்கு மாணவராயிருந்தவரும் ஒரே தேர்வுக்கு அமர்ந்தமை சுவையான செய்தி. கள்ளிக்கோட்டையில் ஆசிரியர், அரசாங்கக் கணக்குப் பகுதியில் உத்தியோகத்தர், 1871 இல் பி.எல். பட்டதாரி, கும்பகோணத்தில் வழக்கறிஞர், இறுதியிற் புதுக்கோட்டையில் நீதிபதி எனத் தொழில்கள் மாறின. மாறாதிருந்தது ஒன்றே. 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டார். 1881 இல் வீரசோழியமும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887 இல் கலித்தொகையும் அவர் முயற்சியால் அச்சேறின. சிதைந்த ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கி, கைப்பொருள் செலவிட்டுப் பதிப்பித்தார். உத்தியோகம் அவருக்கு ஊதியம் தந்தது; அவ்வூதியத்திற் பெரும்பங்கு ஏட்டுக்குப் போயிற்று. உத்தியோகக் கல்வியைப் பழிப்போர் இதனை மறந்துவிடலாகாது.

பொஸ்டனிலிருந்து வந்த ரூபஸ் அன்டர்சன் இத்தகைய பயன்களை எடைபோட வந்தவரல்லர். அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளரான அவர் 1854-55 இற் கீழைநாட்டு நிலையங்களைப் பார்வையிட்டார். ஆங்கிலக்கல்வி மாணவரைத் தம் கிராமத்தினின்றும் சமூகத்தினின்றும் பிரித்து அரசாங்க வேலைக்கே அனுப்புகிறது. தாய்மொழிக் கல்வி பெற்ற கிராமப் போதகரே தேவை என்பது அவர் கொள்கை. செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றோர் அரசாங்க வேலையை நாடினர் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஆங்கிலத்தைக் குற்றஞ்சாட்டியமை நோயை விட்டு அதன் குறியைக் கடிந்ததற்கு ஒப்பாகும். ஊதியம் எங்கே குவிந்திருந்ததோ அங்கேதான் இளைஞர் சென்றனர்.

இதே சிக்கலை மருத்துவர் சாமுவேல் கிறீன் வேறு வழியில் அணுகினார். 1847 இல் இலங்கை வந்து, வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் பணியாற்றிய அவர், முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். பயிற்சி பெற்றோர் நல்ல சம்பளம் நாடி வெளியிடஞ் செல்வதைக் கண்டு, 1860 களிற் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் மருத்துவங் கற்றவர் தமிழ்க் கிராமத்திலேயே தங்குவர் என்பது அவர் எண்ணம். அதற்கு நூல்கள் இல்லை. மாணவரின் துணைகொண்டு அவற்றை ஆக்குவித்தார். 'இரண வைத்தியம்' 1867 இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இலும், 'கெமிஸ்தம்' 1875 இலும் வெளிவந்தன. தமிழ் அறிவியற் கலைச்சொல்லாக்கத்தின் முன்னோடி முயற்சிகளுள் இவை தலையாயவை. ஒரு மருத்துவ மாணவன் எம்மொழியிற் கற்கிறான் என்பது அவன் எந்த ஊரில் வாழப்போகிறான் என்பதையும் நிர்ணயிக்கும் எனக் கிறீன் கண்டமை வியப்பிற்குரியது. ஆயினும் 1873 இல் அவர் தாயகம் திரும்பியபின் இம்முயற்சி நீடிக்கவில்லை.

அதற்குச் சற்று முன்னரே யாழ்ப்பாணச் சமூகம் தன் விருப்பத்தை வெளிப்படுத்தியிருந்தது. செமினரி மூடப்பட்டபோதும் ஆங்கிலக்கல்வியின் வேட்கை தணியவில்லை. பழைய மாணவர் வட்டுக்கோட்டையில் உயர்தரப் பாடசாலை ஒன்றை நடத்தினர். உயர்கல்வி நிலையம் மீண்டும் வேண்டுமென ஊரவரும் வற்புறுத்தினர். அதன் பயனாக 1872 இல் ஹேஸ்டிங்ஸ் என்பாரை அதிபராகக் கொண்டு யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையிலேயே தொடங்கப்பட்டது. அன்டர்சன் மூடிய கதவு, பதினேழு ஆண்டுகளின் பின், ஊரவரின் கோரிக்கையாலேயே திறந்தது.