கல்லில் எண்ணும் ஏட்டில் பெயரும்: போர்வீரர் அடையாள ஏடுகளை ஆராயும் முறை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள் தமிழறிஞர் பலரும் அறிந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பெற்றமையும், வாரியத்திற்கு உரியார் 35 வயதிற்கு மேலும் 70 வயதிற்குக் கீழும் உடையராதல் வேண்டுமென விதித்தமையும், அவர்தம் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தமையும் அவற்றால் விளங்கும். ஆயின், அக்குடத்தில் இட்ட ஓலைகளுள் ஒன்றேனும் நமக்குக் கிடைத்திலது. விதி கல்லில் நின்றது. பெயர் ஓலையோடு போயிற்று.

வரலாறு எழுதப் புகுவார்க்கு இவ்வேறுபாடு பெரிதும் கருதற்பாலது. நிலைபெற வேண்டுமென அரசும் ஊரும் எண்ணியவை கல்லிலும் செம்பிலும் ஏறுகின்றன. தனி மனிதனைக் குறிப்பவையோ எளிதில் அழியும் பொருள்களில் எழுதப்பெறுகின்றன. அழியும் அப்பொருள்களைத் திரட்டுவது எங்ஙனம், அவற்றின் சொல்லை எவ்வளவு நம்புவது என்னும் வினாக்களுக்கு, 20ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் போர்வீரர் வைத்திருந்த அடையாள ஏடுகளும் நிழற்படத் தொகுதிகளும் நல்ல விடை தருகின்றன. அவ்விடையைத் தெரிந்துகொண்டு நம் ஊர்களுக்குப் பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடுகல்லும் எண்கல்லும்

போரில் வீழ்ந்தானுக்குக் கல் நடும் வழக்கம் தமிழகத்தில் மிகத் தொன்மையானது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பெற்ற தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று, ஆகோளில் பட்டான் ஒருவனைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. செங்கம் பகுதியைச் சார்ந்த எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பெற்ற கல் வீரன் பெயரைச் சொல்வதோடு அமையாது, அவனோடு நின்று கள்வரைத் தாக்கிய நாயின் பெயரையும் கோவிவன் எனப் பொறித்து வைத்துள்ளது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல் அது.

இனி, வேலூர் மணிக்கூண்டில் உள்ள கல்லைக் காண்போம். அவ்வூரினின்று 277 பேர் 1914-18ஆம் ஆண்டுகளின் பெரும்போர்க்குச் சென்றனர் என்றும், அவருள் 14 பேர் உயிர் நீத்தனர் என்றும் அக்கல் ஆங்கிலத்தில் கூறும். பெயர் ஒன்றும் அதில் இல்லை. இவ்வாய்பாட்டிலமைந்த கற்கள் பிற ஊர்களிலும் உள்ளன. பல்லவர் காலத்து நாய்க்குப் பெயர் உண்டு; ஆங்கிலேயர் காலத்து மாந்தர் 277 பேர்க்கு எண் மட்டுமே உண்டு. எனின், அவர்தம் பெயர்களை எங்கே தேடுவது? வீடுகளில் தேடுதல் வேண்டும். படையினின்று விடுவித்தபோது தந்த சான்றிதழ், ஓய்வூதியத் தாள், படைப்பிரிவினரோடு எடுத்துக்கொண்ட நிழற்படம், பதக்கம் ஆகிய இவையே அப்பெயர்கள் தங்கிய இடங்கள்.

ஜெர்மானிய வீரனின் இரு ஏடுகள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய வீரன் ஒவ்வொருவனுக்கும் இரண்டு ஏடுகள் இருந்தன. சோல்ட்புக் எனப்படும் ஊதிய ஏட்டை அவன் எப்பொழுதும் சட்டைப் பையிலேயே வைத்திருத்தல் வேண்டும். வேர்பாஸ் எனப்படும் படைப்பணி ஏடு, அவன் பணியிலிருக்கும் காலமெல்லாம் படைப்பிரிவின் அலுவலகத்தில் இருக்கும். அவன் விடுவிக்கப்பெற்றால் அவனிடமும், மாண்டால் அவன் குடும்பத்தாரிடமும் சேரும்.

ஊதிய ஏட்டில் அவனுடைய பெயர், பிறந்த நாள், உயரம், முகவமைப்பு, கண்ணின் நிறம், காலணியின் அளவு, குருதிப் பிரிவு, கழுத்திலணிந்த தகட்டின் எண், நெருங்கிய உறவினர் முகவரி ஆகியன காணப்படும். பெற்ற உடைகளும், போட்ட ஊசிகளும், மருத்துவமனையிற் கிடந்த நாள்களும், வீடு சென்று வந்த விடுமுறைகளும் தனித்தனிப் பக்கங்களில் குறிக்கப்பெறும். ஆயினும், அவன் எந்தப் போரில் எங்கு நின்றான் என்பது அதில் எழுதப்பெறுவதில்லை. ஏடு பகைவர் கையிற் சிக்குமாயின் படையின் நிலை வெளிப்படும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். போர்க்களங்களின் பட்டியல் படைப்பணி ஏட்டிலேயே உண்டு. ஆகவே ஓர் ஏட்டை மட்டும் கொண்டு அவன் வாழ்க்கையை எழுத முற்படுவார் பாதியையே எழுதுவர்.

இவ்வேடுகளிற் காணும் முத்திரைகள் பல படைப்பிரிவின் பெயரைச் சொல்லாமல் போர்க்கள அஞ்சல் எண்ணையே சொல்லும். நோயும் பெயராற் கூறப்படாது எண்ணாற் குறிக்கப்படும். கல்வெட்டுக்களில் வரும் குறியீடுகளையும் சுருக்கங்களையும் அறியாதார் அவற்றைப் படித்துப் பொருள் காண இயலாதவாறு போல, இவ்வெண்களின் பொருளை அறியாதார்க்கு இவ்வேடுகள் வாய் திறவா.

அரசின் ஆவணக்களரியில் எல்லாம் இருக்குமே, வீட்டுத் தாள்கள் எற்றுக்கு என வினவுவாரும் உளர். 1945 ஏப்ரல் 14ஆம் நாள் பாட்ஸ்டாம் நகரின்மீது குண்டு வீசப்பெற்றபோது, பிரஷ்யப் படையின் ஆவணங்களுட் பெரும்பகுதி எரிந்து சாம்பலாயிற்று. 1940 செப்டம்பரில் இலண்டனில் நேர்ந்த குண்டு வீச்சில், முதல் உலகப் போரில் நின்ற பிரிட்டானிய வீரர்தம் பணியேடுகளுட் பாதிக்கும் மேற்பட்டவை அழிந்தன. இவ்வழிவுக்குப் பின்னர், அவ்வீரர் பலரைப் பற்றிய சான்று அவர்தம் வீட்டுப் பெட்டியில் இருந்தால்தான் உண்டு என்னும் நிலை ஏற்பட்டது. மாறாக, இரண்டாம் உலகப் போர் வீரரைப் பற்றிய செய்திகளைத் திரட்ட 1939இல் பெர்லினில் தோன்றிய அலுவலகத்தின் அட்டைத் தொகுதி, 180 இலட்சத்திற்கும் மேற்பட்டோரைப் பற்றிய குறிப்புக்களோடு எஞ்சியது. 2019இல் அது ஜெர்மானியக் கூட்டரசு ஆவணக் காப்பகத்தோடு இணைக்கப்பெற்றது. வீட்டு ஏட்டை இத்தகைய அரசுப் பதிவோடு ஒப்பிட்டுத் துணிவதே நேரிய முறை.

நிழற்படம் சொல்வதும் சொல்லாததும்

ஏடு அரசு எழுதியது. நிழற்படத் தொகுதி வீரன் தானே கோத்தது. ஆற்றில் குளித்தலும், தோழரோடு உண்டலும், கண்டறியாத நகரங்களின் கோபுரங்களும் அதில் நிரம்பியிருக்கும். அவற்றினிடையே தூக்கிலிடப்பட்டார் உடல்களும் எரிந்த ஊர்களும் சில தொகுதிகளில் காணப்படுகின்றன. ஊதிய ஏட்டில் ஒரு வரியும் பெறாத கொடுமை, படத்தொகுதியில் ஒரு பக்கம் பெற்றிருத்தல் கூடும்.

எனினும் படத்தைப் படிப்பதிலும் பிழை நேரும். ஜெர்மானியப் படையினர் செய்த கொடுமைகளைக் காட்டும் கண்காட்சி ஒன்றை ஹாம்பர்க் சமூக ஆராய்ச்சி நிறுவனத்தார் 1995இல் தொடங்கினர். அதிலுள்ள சில படங்களிற் காணும் உடல்கள் சோவியத்து மறைபோலீசாரால் கொல்லப்பட்டார் உடல்கள் என்று 1999இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டவே, கண்காட்சி நிறுத்தப்பெற்றது. அறிஞர் குழு ஒன்று ஆராய்ந்து 2000இல் முடிபு கூறிற்று: 1,433 படங்களுள் அக்கண்காட்சிக்கு உரியனவல்லாதவை இருபதிற்கும் குறைவு, கண்காட்சியின் அடிப்படைக் கருத்துப் பொய்யன்று, ஆயின் படங்களைக் கையாண்ட முறையில் கவனக்குறைவு உண்டு. திருத்திய கண்காட்சி 2001இல் திறக்கப்பெற்றது. மெய்யான ஒரு செய்தியை நிறுவ முயல்வார் படத்தின் பிறப்பிடத்தை ஆராயாது விடுவராயின், அம்மெய்யையே ஐயத்துக்கு உள்ளாக்குவர் என்பது இதனாற் பெறப்படும்.

இங்குத் திரட்டுவாரின் பொறுப்புத் தோன்றுகின்றது. இவ்வேடுகளும் தொகுதிகளும் இன்று வாணிகப் பொருள்களாகவும் உள்ளன. தொகுதியைப் பிரித்துப் படங்களைத் தனித்தனியே விற்பின் மிகுதியான பணம் கிடைக்கும் என்பதால் வணிகர் சிலர் அவ்வாறே செய்கின்றனர். பிரித்தவுடன் படங்களின் வரிசையும், அவற்றிற்கு உரியவன் பெயரும் அழிகின்றன. கோயில் வாயிலினின்று பெயர்த்தெடுத்த கல்வெட்டுத் துண்டினும் அது சிறந்ததன்று. மேலும், ஏட்டைத் தேடுவான் அதனை உடையானை வீரனாக்கி வழிபடத் தொடங்குவானாயின், அது வரலாறு ஆகாது. ஆராய்வானுக்கு இவ்வேடு சான்றே அன்றிச் சின்னம் அன்று.

எம்டனும் செண்பகராமனும்

சான்று இல்லாவிடத்துக் கதை எங்ஙனம் வளரும் என்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கி எண்ணெய்க் கொள்கலங்களை எரித்தது. அந்நாள் தொட்டு எம்டன் என்பது தமிழில் எவர்க்கும் அடங்காதவனைக் குறிக்கும் சொல்லாயிற்று. திருவனந்தபுரத்திற் பிறந்த செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்து தாக்குதலை நடத்தினார் என்னும் செய்தியும் தமிழ் நூல்கள் பலவற்றில் இடம்பெற்றுள்ளது. ஆனால் எம்டன் சீனக் கடற்கரையிலுள்ள சிங்டாவிலிருந்து 1914 ஜூலை இறுதியிற் புறப்பட்டது. செண்பகராமனோ அவ்வாண்டில் சூரிச்சில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்து இதழ் நடத்தி, அங்கிருந்து பெர்லினுக்குச் சென்றவர். அவர் அக்கப்பலில் இருந்தமைக்கு ஆவணச் சான்று இல்லை. பெர்லினில் அவர் செய்த மெய்யான பணிக்கு இக்கதை வேண்டுவதும் அன்று. கப்பற் பணியாளர் பதிவுகளை முதற்கண் நாடியிருப்பின், இத்துணைக் காலம் இக்கதை நிலைத்திராது.

நம் கடமை

இனி ராஜகுளம் போன்ற ஒரு சிற்றூரை எண்ணுவோம். அங்குள்ள வீடொன்றில் பாட்டனார் வைத்த தகரப்பெட்டியில், மடிப்பு நைந்த படைச் சான்றிதழும் மங்கிய படமும் இருப்பின், நாம் செய்யற்பாலன யாவை? முதலாவது, அவற்றை அவ்வீட்டினின்று அகற்றாது படியெடுத்தல். இரண்டாவது, காட்டினார் யார், எந்நாள், என்ன கூறினார் என்பதை அப்பொழுதே எழுதி, அவர் கூற்றையும் தாளின் கூற்றையும் கலவாமல் வைத்தல். மூன்றாவது, படத்தின் முகப்பைப் போலவே பின்புறத்தையும் படியெடுத்தல். நிழற்பட நிலையத்தின் முத்திரையும் கைகுறிப்பும் பெரும்பாலும் அங்கேயே உள. நான்காவது, படைப்பிரிவின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிபு கூறுதல். 1914-18ஆம் ஆண்டுப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் வீரனின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பெற்றிருக்கும். அது வெள்ளியாதலின் உருக்கி அணிகலன் செய்வார் உண்டு. உருக்கிய நாளில் அப்பெயரும் உருகிப் போம்.

பஞ்சாபின் வீரர் ஏறத்தாழ 3,20,000 பேரைப் பற்றி ஊர்தோறும் எழுதப்பெற்ற பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கிடந்து, 2021இல் யாவரும் காணுமாறு வெளியிடப்பெற்றன. அவற்றில் தம் மூதாதையர் பெயரைக் கண்டார் பலர். வேலூர்க் கல்லின் 277 பேர்க்கும் அத்தகைய பட்டியல் ஒன்றை வீடு வீடாகச் சென்று தொகுக்கத் தமிழ்த்துறை மாணவர் முன்வருவாராயின், அது நடுகல் ஆராய்ச்சியின் தொடர்ச்சியேயாகும். அவ்வீரர் அயலார் அரசுக்காகப் போரிட்டமை மறைக்கற்பாலதன்று. வறுமையாற் சென்றார் உளராயின் அதுவும் எழுதற்பாலது. புகழ்தலும் பழித்தலும் பின்னர் ஆகுக. பெயரைக் காத்தல் முற்படச் செய்யத்தகும்.

உத்தரமேரூர்க் குடத்து ஓலைகளை நாம் இனிக் காணப்போவதில்லை. தகரப்பெட்டியின் தாள்கள் இன்னும் இருக்கின்றன.