ஜெரூசலத்தின் மூன்று மேயர்களும் ஒரு புலனாய்வுக் கோப்பும்



பைத்துல் முகத்தஸின் மேற்குச் சுவருக்கு முன்னால் உள்ள அந்தப் பெரிய வெட்டவெளியை நாம் எல்லோரும் படங்களில் பார்த்திருக்கிறோம். நாம் அல்-புராக் சுவர் என்று சொல்வதும் யூதர்கள் நின்று பிரார்த்திப்பதும் அந்த இடத்தில்தான். 1967 ஜூன் 10ஆம் திகதி மாலை வரை அங்கே வெளி இருக்கவில்லை. ஹாரத்துல் மகாரிபா என்ற குடியிருப்பு இருந்தது. சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் மகன் அல்-அஃப்ழல் 1193இல் மொரோக்கோ முதலான மேற்குத் தேசங்களிலிருந்து வந்த முஸ்லிம்களுக்காக வக்பு செய்த நிலம் அது. ஏறத்தாழ 135 வீடுகள், 650 பேர். சில மணி நேர அவகாசம் கொடுத்து அந்த மக்களை வெளியேற்றிவிட்டு இரவோடிரவாக புல்டோசரால் இடித்தார்கள். வெளியே வராத ஒரு மூதாட்டியின் ஜனாஸா இடிபாடுகளுக்குள் இருந்து எடுக்கப்பட்டது.

இந்த இடிப்பை முன்னின்று தள்ளியவர்களில் ஒருவர் மேற்கு ஜெரூசலத்தின் மேயராக இருந்த டெடி கொலெக். 1965இலிருந்து 1993 வரை 28 ஆண்டுகள் அவர் மேயராக இருந்தார். மேற்கு நாட்டுப் பத்திரிகைகள் அவரை சகிப்புத்தன்மையின் சின்னமாகப் புகழ்ந்தன. இன்று நாம் எழுத வந்தது அவருடைய இளமைக்காலம் பற்றி. மேயராவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்னர், பலஸ்தீனை ஆண்ட பிரித்தானியரின் புலனாய்வுப் பிரிவோடு தொடர்பு வைத்திருப்பதே அவருடைய தொழிலாக இருந்தது.

ஏன் இதை எழுதுகிறோம்? பலஸ்தீன் கையைவிட்டுப் போனதற்கு எமது இளைஞர்களிடம் இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, எல்லாம் யூத சதி. மற்றது, எல்லாம் அரபுகளின் துரோகம். இரண்டில் எதைச் சொன்னாலும் அதற்கு மேல் படிக்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விடுகிறது. கொலெக்கின் கதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் இவை இரண்டுமே போதாது என்பது விளங்கும்.

கொலெக் 1911இல் ஹங்கேரியில் ஒரு சிறிய ஊரில் பிறந்தவர். சியோனிச இயக்கத்தைத் தொடக்கிய தியோடர் ஹெர்ஸலின் பெயரையே தகப்பன் அவருக்கு வைத்தார். வளர்ந்தது வியன்னா நகரில். 1935இல் பலஸ்தீனுக்கு வந்து, கலிலேயக் கடலின் கிழக்குக் கரையில் ஐன் கெவ் என்ற கூட்டுப் பண்ணையை அமைத்தவர்களில் ஒருவரானார். 1939இல் நாஸிகளின் கையில் இருந்த வியன்னாவுக்குத் திரும்பிச் சென்று, யூத இளைஞர்களை பிரித்தானியாவுக்கு அனுப்ப அனுமதி கேட்டு அடொல்ஃப் ஐக்மனையே நேரில் சந்தித்தார். எந்த வாசலையும் தட்டிப் பேசக்கூடிய ஆள் என்ற பெயர் அவருக்கு அப்போதே இருந்தது.

அவரை வேலைக்கு எடுத்தது யூத ஏஜென்சியின் அரசியல் பிரிவு. இந்த ஏஜென்சி எது என்று விளங்காமல் கதை விளங்காது. 1922இல் சர்வதேச சங்கம் பிரித்தானியாவுக்குக் கொடுத்த பலஸ்தீன் ஆணைப் பத்திரத்தின் 4ஆம் உறுப்புரையைப் பாருங்கள். நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லவும் அதனுடன் ஒத்துழைக்கவும் ஒரு யூத அமைப்பு அங்கீகரிக்கப்படும் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி நாட்டில் யூதர்கள் ஏறத்தாழ 11 சதவீதம். மிகுதி எல்லோருக்கும் அப்படி ஓர் உறுப்புரை இல்லை. 1923இல் ஓர் அரபு ஏஜென்சி தருவதாக பிரித்தானியர் சொன்னார்கள். அதை ஏற்றால் ஆணையையும் பெல்பர் பிரகடனத்தையும் ஏற்றதாகிவிடும், சொந்த நாட்டில் சிறுபான்மைக்குச் சமமாக நிற்பதாகிவிடும் என்று பலஸ்தீனத் தலைவர்கள் மறுத்தார்கள். மறுத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அரசாங்கத்தின் கதவுக்குள் ஒரு தரப்புக்கு நிரந்தரக் கதிரை, மற்றத் தரப்பு வெளியே என்ற நிலை அன்றிலிருந்து தொடங்கியது.

வெளியே நின்றவர்களுக்கு என்ன நடந்தது? 1936இல் பலஸ்தீனர் கிளர்ந்தெழுந்தார்கள். 1937 ஒக்டோபரில் பிரித்தானியர் அரபு உயர்பீடத்தைத் தடைசெய்து, பிடிபட்ட தலைவர்களை சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். எகிப்தின் ஒராபி பாஷாவை 1883இல் எமது இலங்கைக்குக் கொண்டு வந்து விட்டார்களே, அதே வழக்கம்தான். அன்று சீஷெல்ஸுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் ஹுஸைன் அல்-காலிதி. அவர் அப்போது ஜெரூசலத்தின் மேயர். நாம் சொல்ல வந்த மூன்று மேயர்களில் முதலாமவர் அவர்தான்.

இதே காலத்தில் யூதத் தரப்பினர் பிரித்தானியப் பொலிஸில் துணைப் படையாகச் சேர்ந்து துப்பாக்கி பிடிக்கப் பழகினார்கள். 1938இல் ஓர்ட் விங்கேட் என்ற பிரித்தானிய அதிகாரி அவர்களைச் சேர்த்து இரவுப் படைகளை அமைத்து, அரபுக் கிராமங்களுக்குள் புகுந்து தாக்கப் பழக்கினார். நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பலஸ்தீனருக்குள்ளும் பிரித்தானியரோடு சேர்ந்து கிளர்ச்சியாளரை வேட்டையாடிய 'சமாதானக் குழுக்கள்' இருந்தன. ஆட்சியாளருக்குத் தகவல் கொடுக்கும் வேலை ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1939இன் வெள்ளை அறிக்கையால் யூதர்களுக்கு பிரித்தானியர் மீது கடும் கோபம். ஐந்து ஆண்டுகளில் 75,000 பேருக்கு மட்டுமே குடிவர அனுமதி என்று அது கட்டுப்படுத்தியிருந்தது. ஆனால் ஜேர்மனி அதைவிடப் பெரிய எதிரி. பிரித்தானியருக்கோ ஐரோப்பிய மொழிகள் தெரிந்த, ஊர்களும் பாதைகளும் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1939இல் பிரித்தானியர் சிறையில் போட்ட மோஷே தயானை 1941இல் விடுவித்து, சில மாதங்களில் சிரியப் படையெடுப்புக்கு வழிகாட்டியாக அனுப்பினார்கள். அவர் ஒரு கண்ணை இழந்தது அங்கேதான்.

இந்தக் கொடுக்கல் வாங்கலின் மேசையில் கொலெக் அமர்ந்தார். 1942இல் ஏஜென்சியின் புலனாய்வுப் பிரிவின் பிரதித் தலைவரானார். இஸ்தான்புலில் இருந்தபடி ஐரோப்பாவிலிருந்து வரும் தகவல்களை பிரித்தானியருக்கும் அமெரிக்கருக்கும் கொடுத்தார். பதிலாக, நாஸிகளின் பிடிக்குள் இருந்த யூதர்களோடு தொடர்பு கொள்ள வழி கிடைத்தது. 1945 ஜனவரி முதல் 1946 மே வரை ஜெரூசலத்தில் ஏஜென்சியின் வெளித்தொடர்பு அதிகாரியாக இருந்தார். அங்கே இருந்த எம்.ஐ.5 பிரதிநிதியோடும் இராணுவப் புலனாய்வோடும் பேசுவது அவருடைய பொறுப்பு.

பேசியது எதைப் பற்றி? இதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. பெரும்பாலும் தமது சொந்த இனத்தவரைப் பற்றி. 1944 நவம்பர் 6இல் பிரித்தானிய அமைச்சர் மொய்ன் பிரபுவை லெஹி என்ற யூத ஆயுதக் குழு கெய்ரோவில் சுட்டுக் கொன்றது. அதைத் தொடர்ந்து, யூத ஏஜென்சியின் கட்டுப்பாட்டிலிருந்த ஹகானா படை, இன்னொரு குழுவான இர்குனின் உறுப்பினர்களைப் பிடிக்கத் தொடங்கியது. அவர்களின் பெயர்களும் முகவரிகளும் பிரித்தானியர் கைக்குப் போயின. 'வேட்டைப் பருவம்' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். இர்குனின் முன்னாள் தளபதி யாகோவ் மெரிடோர் அப்படிப் பிடித்துக் கொடுக்கப்பட்டு ஆபிரிக்க முகாம்களுக்கு நாடு கடத்தப்பட்டார்.

1945 ஓகஸ்ட் 10இல், பின்யமினா அருகே இர்குன் இரகசியமாக நடத்திய பயிற்சி முகாம் இருக்கும் இடத்தை கொலெக் எம்.ஐ.5க்குச் சொன்னார். சுற்றிவளைப்பில் 27 பேர் கைதானார்கள். எம்.ஐ.5 கோப்புகள் பகிரங்கமான பிறகு இந்த விபரம் வெளியே வந்தது. 2007 ஜனவரியில் கொலெக் இறந்தார். அதே ஆண்டு இஸ்ரேலியப் பத்திரிகைகள் இதை எழுதின. கோப்புகளில் அவருக்கு 'தேள்' என்ற புனைபெயர் இருந்ததாகவும் அந்தச் செய்திகள் கூறின.

எமது நாட்டில் யுத்த காலத்தைக் கண்டவர்களுக்கு 'தலையாட்டி' என்ற சொல் தெரியும். முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பில் இருந்து தலையை ஆட்டினால், வரிசையில் நிற்பவன் போய்விடுவான். தலையாட்டி தன் உயிருக்காக, அல்லது பணத்துக்காக, அல்லது பகைக்காக ஆட்டினான். கொலெக் செய்ததும் காட்டிக்கொடுப்புத்தான். பிடிபட்ட 27 பேரின் வீடுகளில் அதற்கு வேறு பெயர் இருந்திருக்காது. ஆனால் அவர் முகத்தை மூடியிருக்கவில்லை. ஒரு நிறுவனம் அவரை அனுப்பியது. எதைக் கொடுப்பது, எதை மறைப்பது, பதிலுக்கு எதைக் கேட்பது என்று அந்த நிறுவனம் தீர்மானித்தது. போட்டிக் குழுவைப் பலவீனப்படுத்துவதும் அந்தக் கணக்கில் அடங்கியிருந்தது.

கணக்கு மாறியதும் நிறுவனமும் மாறியது. 1945 இலையுதிர் காலத்தில் அதே ஹகானா, தான் வேட்டையாடிய இர்குனோடும் லெஹியோடும் இரகசிய உடன்பாட்டுக்கு வந்தது. அந்த நவம்பர் தொடக்கத்திலேயே நாடு முழுவதும் ரயில் பாதைகள் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டன. ஏஜென்சியின் ஆட்கள் பகலில் பிரித்தானியரோடு பேசினார்கள், அதன் படை இரவில் அவர்களின் தண்டவாளங்களை உடைத்தது. 1946 ஜூன் 29இல் பிரித்தானியர் ஏஜென்சித் தலைவர்கள் உட்பட ஏறத்தாழ 2,700 பேரைக் கைது செய்தார்கள். ஜூலை 22இல் இர்குன் கிங் டேவிட் ஹோட்டலைத் தகர்த்தபோது 91 பேர் மாண்டார்கள். அவர்களில் மிகக் கூடுதலானவர்கள் அங்கே வேலை செய்த அரபுகள்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்து நகர்த்திய மாயக்கரம் ஒன்றை இங்கே காண முடிகிறதா? நாம் காண்பது தமக்குள் அடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்து, பிறகு சேர்ந்து, பிறகு பிரிந்த மனிதர்களை. அவர்களிடம் இருந்தது ஓர் அலுவலகம், அதிலே எழுதி வைக்கும் பழக்கம், ஆட்சியாளனின் மொழி, அவன் சட்டத்தில் கிடைத்த இடம், மேலதிகமாக ஆயுதம். பலஸ்தீனரிடம் இருந்த தலைமையை பிரித்தானியர் 1937இல் கலைத்தார்கள். அதற்குப் பிறகு 1948 வரை அவர்களால் அதைச் சரியாகக் கட்டியெழுப்ப முடியவில்லை.

கொலெக் தாம் கற்றதை விடவில்லை. 1947இல் நியூயோர்க்கில் இருந்து ஹகானாவுக்கு ஆயுதம் சேர்த்தார். 1950களின் தொடக்கத்தில் வொஷிங்டன் தூதரகத்தில் இருந்தபோது சி.ஐ.ஏ. அதிகாரி ஜேம்ஸ் அங்கில்டனோடு நெருங்கிய தொடர்பை வைத்துக்கொண்டார். பின்னர் பிரதமர் அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகம். பிறகு மேயர்.

மீண்டும் 1967 ஜூனுக்கு வருவோம். கிழக்கு ஜெரூசலம் 7ஆம் திகதி கைப்பற்றப்பட்டது. ஹாரத்துல் மகாரிபா இடிக்கப்பட்டது 10ஆம் திகதி இரவு. கிழக்கு ஜெரூசலத்தை இணைக்கும் சட்டத்தை இஸ்ரேலியப் பாராளுமன்றம் நிறைவேற்றியது 27ஆம் திகதி. அதாவது அந்தக் குடியிருப்பு தரைமட்டமானபோது, இஸ்ரேலின் சட்டப்படி பார்த்தாலும் அது கொலெக்கின் நகரசபை எல்லைக்குள் இருக்கவில்லை. உடனே செய்யாவிட்டால் பிறகு செய்ய முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். அரசாங்கங்கள் எப்படி இயங்குகின்றன, எப்போது தயங்குகின்றன என்று அருகில் இருந்து பார்த்தவர் அல்லவா?

ஜூன் 29இல் கிழக்கு ஜெரூசலத்தின் அரபு நகரசபை கலைக்கப்பட்டது. அதன் மேயர் ரூஹி அல்-கதீபை 1968 மார்ச்சில் ஜோர்தானுக்கு நாடு கடத்தினார்கள். காலிதியை பிரித்தானியர் கடத்தினார்கள், கதீபை இஸ்ரேல் கடத்தியது. இடையில் நின்ற மூன்றாவது மேயர் 28 ஆண்டுகள் கதிரையில் இருந்தார். கிழக்கு ஜெரூசலத்து அரபுகளுக்காகத் தாம் எதுவுமே செய்யவில்லை என்று 1990இல் மஆரிவ் பத்திரிகைக்குக் கொடுத்த செவ்வியில் அவரே சொன்னார். கழிவுநீர்க் குழாய் போட்டதும் கொலரா யூதர்களுக்குப் பரவும் என்ற பயத்தில்தான் என்றார்.

1993இல் அவரைத் தோற்கடித்தவர் எஹூத் ஒல்மேர்ட். அவருடைய பெற்றோர் இர்குன் உறுப்பினர்கள். அவர் பிறந்தது 1945 செப்டெம்பரில், அதே பின்யமினா அருகே, 27 பேர் கைதாகிச் சில வாரங்களுக்குள். காட்டிக்கொடுத்தவரின் கதிரையில் காட்டிக்கொடுக்கப்பட்டவர்களின் பிள்ளை அமர்ந்தார். இரண்டு மேயர்களின் காலத்திலும் பலஸ்தீனரின் நிலத்தில் குடியேற்றங்கள் எழும்பிக்கொண்டே இருந்தன. அவர்களுக்கிடையே எவ்வளவு பகை இருந்தாலும் இந்த விடயத்தில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

உறவுகளே, பிள்ளைகளுக்கு பலஸ்தீனைச் சொல்லிக் கொடுக்கும்போது கண்ணீரோடு சேர்த்து இந்த விபரங்களையும் சொல்லிக் கொடுப்போம். 4ஆம் உறுப்புரை என்ன சொன்னது, சீஷெல்ஸுக்கு யார் போனார், எந்தத் திகதியில் எது இடிந்தது என்று அவர்கள் சொல்ல வேண்டும். சதி என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, எதிரியை எதுவும் செய்ய முடியாது என்று நம்பி உட்கார்ந்துவிடும். துரோகம் என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளை பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகிக்கும். எமது சமூகத்தின் பெயரால் அதிகாரத்தோடு யார் பேசுகிறார், யார் அவரை அனுப்பினார், என்ன கொடுத்தார், என்ன வாங்கினார், அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கத் தெரிந்த பிள்ளைதான் எமக்குத் தேவை. பள்ளிவாசல் நிர்வாகம் முதல் பாராளுமன்றம் வரை கேட்கலாம்.

ஹாரத்துல் மகாரிபாவின் மக்களுக்காகவும் இன்று அக்ஸாவைச் சுற்றி வாழ்பவர்களுக்காகவும் துஆ செய்வோம். வாசித்தவர்கள் உயர்தர வகுப்பில் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள்.