ஒற்றை எக்ஸின் இரட்டை உழைப்பு

பெண் பழ ஈக்கு எக்ஸ் குரோமோசோம் 2, ஆணுக்கோ 1. ஆயினும் அதிலுள்ள மரபணுக்களின் விளைவு இருபாலிலும் ஏறத்தாழ ஒன்றே. முல்லர் இதனை 1930களின் தொடக்கத்தில் ‘அளவு ஈடுசெய்தல்’ என்று விளக்கினார். ஈடுசெய்வது யார்? பெண் அடங்குகிறதா, ஆண் மிகுகிறதா? (பாலூட்டிகளில் பெண்ணின் ஓர் எக்ஸே ஒடுங்குகிறது என்று 1961இல் மேரி லயன் முன்மொழிந்திருந்தார்.)

1965இல் அ. சே. முகர்ஜியும் பீர்மனும் கதிரியக்க யூரிடினைக் கொண்டு, ஈப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஆர்.என்.ஏ. உருவாவதை அளந்தனர். பெண்ணின் இரண்டு எக்ஸும் சேர்ந்து ஆக்குவதை ஆணின் ஒன்றே ஏறத்தாழ ஆக்கிவிட்டது. லகோட்டியாவும் முகர்ஜியும் 1969இல் வெளியிட்ட ஆய்வு இதனினும் நுட்பமானது. இருபால் உயிரணுக்கள் கலந்த சுரப்பிகளில், பெண் உயிரணுக்கள் சூழ்ந்திருந்தபோதும் ஒற்றை எக்ஸ் தன் வேகத்தைத் தளர்த்தவில்லை. அவ்வேகம் அந்தந்த உயிரணுவுக்குள்ளேயே தீர்மானமாகிறது. அண்டை உயிரணுவின் பால் அதில் தலையிடுவதில்லை.