தடாகத்தில் விழுந்த சுல்தான்

நருமதையாற்றுக்கு வடக்கே, விந்திய மலைத்தொடரின் விளிம்பில், மாண்டு என்னும் கோட்டை நகர் அமைந்துள்ளது. பதினைந்தாம் நூற்றாண்டில் மாளவ நாட்டை ஆண்ட சுல்தான்களின் தலைநகர் அது. அங்கே முஞ்சுத் தடாகம், கபூர்த் தடாகம் என்னும் இரு நீர்நிலைகளுக்கிடையே நீண்டு கிடக்கும் மாளிகையைக் கப்பல் மாளிகை என்றே மக்கள் வழங்குவர். 1469 முதல் 1500 வரை அரசாண்ட கியாசுதீன் கில்ஜி அதனை எழுப்பினான் என்பது மரபு. கோடை வெப்பத்துக்கு அஞ்சிய அம்மன்னர்கள் நீரைத் தம் வீட்டு முற்றத்துக்கே அழைத்து வந்தனர் எனலாம்.

கியாசுதீனின் மகன் நாசிருதீன் இதில் தந்தையையும் விஞ்சினான். உச்சயினிக்கு அருகே சிப்பிரா நதியிலுள்ள கலியாதே என்னுமிடத்தில் கட்டடங்களை எழுப்பி, ஆற்று நீரை வாய்க்கால் வழியே தொட்டிகளிற் பாய்ச்சி, பொழுதின் பெரும்பகுதியை நீரிலேயே கழித்தான். நீர்மோகத்தோடு மதுமோகமும் கூடியது. தெளிந்த அறிவுடையவன் குளத்தில் விழுந்தால் கையை உதறிக் கரையேற முயல்வான். மதுவுண்டவனுக்கோ கைகால்கள் ஏவலுக்கு அடங்கா. விழுந்தோம் என்னும் உணர்வும் எழாது. கரையில் நிற்பவரே அவனுக்குத் துணை.

கலியாதேயில் நடந்ததைப் பெரிஷ்டா என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். போதையில் தடாகத்தின் ஓரத்தே துயின்ற சுல்தான் உருண்டு நீருள் விழுந்தான். பணிப்பெண்கள் நால்வர் அவனை அரும்பாடுபட்டு இழுத்தெடுத்து, ஈர உடையைக் களைந்து உலர்ந்த உடை அணிவித்தனர். கண்விழித்தவன் தலைவலிக்கின்றதென முறையிட, அவர்கள் நடந்ததைக் கூறினர். தன் குடியைச் சுட்டிப் பழிக்கின்றனர் என்று கருதிய அவன், உயிர் காத்த அந்நால்வரையும் தன் கையாலேயே வாளுக்கு இரையாக்கினான். அவர்தம் பெயர்களை ஏடு கூறவில்லை.

மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் நினைவுக் குறிப்புகளில் இக்கதை வேறு வடிவம் பெறுகின்றது. அங்கே ஏவலன் ஒருவன் சுல்தானின் தலைமயிரைப் பற்றி இழுத்துக் காப்பாற்றுகின்றான். மயக்கம் தெளிந்த சுல்தான், அரசனின் தலைமயிரைத் தொடத் துணிந்தவனின் கைகளை வெட்டுமாறு பணிக்கின்றான். பின்னொருமுறை அவன் நீரில் விழுந்தபோது கையை நீட்ட ஒருவருக்கும் துணிவு பிறக்கவில்லை. சுல்தான் மூழ்கி இறந்தான்.

இவ்விரண்டில் எதனை நம்புவது? இருவருமே நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய நூறாண்டுகள் பிற்பட்டவர்கள். நாசிருதீன் இறந்தது 1510ஆம் ஆண்டளவில். தன்னை எதிர்த்தெழுந்த மகனை அடக்கிய பின்னர்க் காய்ச்சலுற்று இறந்தான் என்பதே பெரிஷ்டாவின் கூற்று. அதுவே பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஜஹாங்கீர் கேட்டெழுதிய முடிவு நீதிக்கதையின் அளவுக்கு அத்துணை ஒழுங்காக இருக்கின்றது. வரலாறு அவ்வாறு ஒழுங்காக முடிவது அரிது. ஆயினும் ஒரு செய்தியில் இரு கூற்றும் ஒன்றுபடுகின்றன: அவன் விழுந்தான், பிறர் தூக்கினர், தூக்கியவர் தண்டிக்கப்பட்டனர். அரண்மனை ஏவலர் இதனை மறவாது வாய்வழி வழங்கி வந்திருக்கக்கூடும்.

ஜஹாங்கீருக்கு நாசிருதீன்மேல் வெறுப்பு மிகுதி. எண்பது வயதுத் தந்தைக்கு இருமுறை நஞ்சிட்டும் அவர் மாற்று மருந்தால் பிழைத்தாரென்றும், மூன்றாம் முறை மகன் தன் கையாலேயே நஞ்சைப் பருகக் கொடுத்தானென்றும் அவர் எழுதுகின்றார். தாமே தம் தந்தை அக்பருக்கு எதிராகக் கிளர்ந்தவர் அவர். 1606இல் தம் மகன் குஸ்ரூவின் கலகத்தைக் கண்டவரும் அவரே. அந்நினைவும் அவர் எழுதுகோலைக் கடுமையாக்கியிருக்கலாம்.

1617இல் ஜஹாங்கீர் மாண்டுவில் மாதக்கணக்கில் தங்கினார். ஒரு விழா இரவில் நூர்ஜஹான், பெருந்தடாகங்களின் நடுவேயிருந்த மாளிகையில் விருந்தளித்தாள். கரைகளில் ஏற்றிய விளக்குகள் நீரிற் பட்டு, தடாகமே தீப்பரப்பாய்த் தோன்றியதென்றும், குடிப்பவர்கள் தாங்கும் அளவை மீறிக் குடித்தனரென்றும் பேரரசர் மகிழ்ந்து எழுதுகின்றார். அன்று எவரும் நீரில் விழுந்ததாகக் குறிப்பில்லை.

அவ்வாண்டிலேயே கில்ஜிகளின் கல்லறைக்குச் சென்ற அவர், நாசிருதீனின் சமாதியைக் காலால் உதைத்து, உடன் வந்தோரையும் உதைக்கச் செய்தார். எஞ்சிய எலும்புகளைத் தோண்டியெடுத்துத் தீயிலிடவே முதலில் எண்ணினார். தீ இறையொளியாதலால் அதனை மாசுபடுத்தலாகாது என்று பின்னர் மனம் மாறி, அவற்றை நருமதையில் எறியப் பணித்தார்.