தொழிற்சாலை ரோபோ

தொழிற்சாலை ரோபோ என்பது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகளில் அசையக்கூடியதும், வேலை மாறும்போது அதற்கேற்ப மறுபடி நிரல் அமைத்துக்கொள்ளத் தக்கதுமான தானியங்கிக் கையாகும். ஒரே வேலைக்கென்று வடிவமைக்கப்பட்ட பழைய தானியங்கி எந்திரங்களிலிருந்து இதை வேறுபடுத்துவது இந்த இரண்டாவது தன்மையே.

அமெரிக்கரான ஜார்ஜ் டெவோல் 1954இல் விண்ணப்பித்து 1961இல் பெற்ற காப்புரிமையில் இதன் வரலாறு தொடங்குகிறது. அவரும் பொறியாளர் ஜோசப் எங்கல்பெர்கரும் உருவாக்கிய ‘யூனிமேட்’, 1961இல் நியூ ஜெர்சியிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் நிறுவப்பட்டது. ஏறத்தாழ 1.8 டன் எடையுடன் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கிய அந்தக் கையை முதலில் ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்திக் காட்ட, அந்நிலைகள் காந்த உருளையில் பதிவாகி, பின்னர் அதே அசைவுகளை அது சலிக்காமல் திரும்பச் செய்தது. அச்சில் வார்த்த உலோகப் பாகங்களைச் சூடு ஆறுமுன் வெளியே எடுப்பதே அதன் பணி. புகைக்கும் தீக்காயத்துக்கும் அஞ்சித் தொழிலாளர் வெறுத்த வேலை அது.

எதிர்ப்பு பிறந்தது வேறிடத்தில். ஓகையோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுன் ஆலையில் கார்க் கூடுகளுக்குப் புள்ளிப் பற்றவைப்பு செய்ய, அதாவது தகடுகளை மின்சாரத்தால் புள்ளி புள்ளியாக இணைக்க, ரோபோக்கள் வைக்கப்பட்டன; உற்பத்தி வரிசை மணிக்கு சுமார் 100 கார்கள் என்னும் வேகத்துக்கு முடுக்கப்பட்டது. 1972இல் அங்கே மூண்ட வேலைநிறுத்தத்துக்கு ரோபோவே காரணம் என்று சொல்வது மிகை. ஆட்குறைப்பும், எஞ்சியோர்மீது ஏற்றப்பட்ட வேகமுமே உண்மையான குறைகள். ஜப்பானிலோ நிலைமை வேறு. 1969 முதல் கவாசாகி நிறுவனம் உரிமம் பெற்று யூனிமேட்டை உற்பத்தி செய்த அந்நாட்டில் ஆள் பற்றாக்குறை நிலவியது. பெரிய நிறுவனங்கள் நிரந்தரப் பணியாளரை வெளியேற்றாமல் வேறு பிரிவுக்கு மாற்றியதால் தொழிற்சங்கங்களும் பெரிதாக முரண்டு பிடிக்கவில்லை.

1974இல் சுவீடனின் ஆசெயா (ASEA) நிறுவனம் நுண்செயலி கொண்ட மின்சார ரோபோவை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் எண்ணெய்க் குழாய்கள் படிப்படியாக மறைந்தன. 1979இல் மிச்சிகனில் உள்ள ஃபோர்டு வார்ப்பாலையில், அடுக்கிலிருந்து பாகங்களை எடுக்க ஏறிய தொழிலாளி ஒருவர் ரோபோக் கை தாக்கி இறந்தார். ரோபோவால் நேர்ந்த முதல் மரணமாக இது கருதப்படுகிறது. மனிதருக்கும் ரோபோவுக்கும் இடையே வேலி வைப்பது பின்னர் பொது வழக்காயிற்று. வேலியின்றி அருகிலேயே நின்று வேலை செய்யும் ‘கோபோட்’களை 2008இல் டென்மார்க்கின் யூனிவர்சல் ரோபோட்ஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது.

வேலையிழப்பு பற்றிய நெடுநாள் வாதத்துக்கு அசெமோக்லு, ரெஸ்ட்ரெப்போ என்னும் பொருளியலாளர்கள் 2020இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு விடை தேடினர்: ஆயிரம் தொழிலாளருக்கு ஒரு ரோபோ கூடினால், மக்கள்தொகையில் வேலையில் இருப்போரின் விகிதம் 0.2 சதவீதப் புள்ளியும், கூலி 0.42 சதவீதமும் குறைகின்றன. சராசரியாகப் பார்க்கும்போது சிறிதாகத் தோன்றும் இந்த இழப்பின் பெரும்பங்கு கார்த் தொழிலை நம்பிய ஊர்களின் தலையிலேயே விழுந்தது. 2023இல் உலகெங்கும் 40 லட்சத்துக்கு மேற்பட்ட தொழிற்சாலை ரோபோக்கள் இயங்கின. அவ்வாண்டில் புதிதாக நிறுவப்பட்டவற்றுள் பாதிக்கு மேல் சீனாவில் நிறுவப்பட்டன.